புள்ளிக்குப் பின்னால் எத்தனை பெயர்கள்? – வாசகர் கேள்வி பதில்

டாட் காம், டாட் இன் என்ற அளவில் நின்றிருந்த இணைய முகவரிகளின் பின்னொட்டு இப்போது டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் ஏஐ என்று பெருகிக்கொண்டே போவது பற்றிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். நெடுநாளாக டாட் காம் முகவரி வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக, "உங்க கம்பெனி பேரை டாட் ஷாப்லயும் டாட் ஸ்டோர்லயும் வேற ஒருத்தர் கேட்டிருக்காருங்க, நாளைக்குள்ள நீங்க எடுக்கலைன்னா அவருக்குப் போயிடும்" என்று தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழெட்டுப் பின்னொட்டுகளுக்குச் சேர்த்து ஒரே விலை என்கிறார்கள். வாங்கிவிடலாமா? – நிர்வாக மேலாளர், திருப்பூர்

வாங்க வேண்டாம். அந்த அழைப்பை நம்பவும் வேண்டாம். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், பதிவில் முதலில் வந்தவருக்கே பெயர் என்பதுதான் விதி. வேறொருவர் உண்மையாகவே உங்கள் பெயரை டாட் ஷாப்பில் கேட்டிருந்தால், அவர் பணம் கட்டிய சில நிமிடங்களில் அது அவருக்குப் பதிவாகியிருக்கும். விற்பவர் அதை நடுவில் நிறுத்திவைத்து, உங்களைத் தேடிப்பிடித்து, ஒரு நாள் தவணை கொடுப்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. சீனாவின் டாட் சிஎன், டாட் ஏசியா ஆகியவற்றின் பெயரைச் சொல்லி ஏற்றுமதியாளர்களுக்கு இதே கதையை மின்னஞ்சலில் அனுப்புவது பல ஆண்டுகளாக உலகம் முழுக்க நடந்துவரும் பழைய வித்தைதான்.

ஆனாலும் இந்த அச்சத்தை விற்க ஒரு சந்தை எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டாட் இன் போன்ற நாட்டுக் குறியீடுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 2013 வரை பொதுப் பின்னொட்டுகள் மொத்தமே 22தான் இருந்தன. இவற்றை மேற்பார்வையிடும் ஐகேன் என்ற அமைப்பின் நிர்வாகக் குழு 2011 ஜூன் மாதம் சிங்கப்பூரில் கூடி, விருப்பமுள்ள எந்த நிறுவனமும் புதிய பின்னொட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணம் என்ற நிலையிலும் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 2013 அக்டோபரில் முதல் நான்கு பின்னொட்டுகள் நடைமுறைக்கு வந்தன. அந்த நான்கில் ஒன்றுகூட ஆங்கில எழுத்தில் இல்லை, எல்லாம் அரபி, ரஷ்ய, சீன எழுத்துகளில் அமைந்தவை. அதன்பின் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவை வந்துவிட்டன. ஒரே சொல்லுக்குப் பலர் போட்டியிட்டபோது ஏலம் நடந்தது. டாட் ஷாப் 2016இல் 4.15 கோடி டாலருக்கும், அதே ஆண்டு டாட் வெப் 13.5 கோடி டாலருக்கும் போயின. இவ்வளவு முதல் போட்டவர்கள் அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் ஒரு பெயர் வாங்குவார். ஏற்கெனவே பெயர் வைத்திருப்பவரை அச்சுறுத்தினாலோ ஏழு பெயர் வாங்குவார். உங்களுக்கு வரும் அழைப்பின் கணக்கு இதுதான் என்பது என் எண்ணம்.

ஆயிரத்து இருநூறிலும் உங்கள் பெயரைப் பதிந்து வைப்பது எந்த நிறுவனத்தாலும் ஆகாத காரியம். டாட் காமோடு டாட் இன் ஒன்றையும், வாங்குபவர்கள் வழக்கமாகத் தவறாகத் தட்டச்சு செய்யும் ஓர் எழுத்துக்கூட்டலையும் வைத்துக்கொண்டால் போதும். அந்தத் தொகுப்பு விலைக்குச் செலவிடும் பணத்தை, இன்னும் செய்யாமல் இருந்தால், நிறுவனப் பெயருக்கு வணிக முத்திரை பதிவு செய்வதற்குப் பயன்படுத்துங்கள். பதிவான முத்திரையை ஐகேனின் முத்திரைத் தொகுப்பகத்தில் சேர்த்துவைத்தவர்களுக்கு, ஒவ்வொரு புதிய பின்னொட்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் முன் குறைந்தது 30 நாள் முன்னுரிமைக் காலம் உண்டு. பின்னால் ஒருவர் தீய நோக்கத்தோடு உங்கள் பெயரை எடுத்தாலும், அதைத் திரும்பப் பெறும் வழக்குக்கு முதல் சான்றாகக் கேட்கப்படுவது அந்த முத்திரைதான்.

கேள்வி: பின்னொட்டுகளை யார் முடிவு செய்கிறார்கள்? அமெரிக்க அரசா, ஐக்கிய நாடுகள் சபையா? – கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

இரண்டும் இல்லை. எண் முகவரிகளுக்குப் பதிலாகப் பெயர் வைக்கும் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். எந்தெந்தப் பின்னொட்டுகள் என்பதை ஜான் போஸ்டல் என்ற அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் வரையறுத்தனர். 1985இல் டாட் காம், நெட், ஆர்க், எடு, கவ், மில் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுக்கும்போது, எது நாடு, எது நாடு இல்லை என்ற சண்டையில் தலையிடாமல், பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மிகவும் சாமர்த்தியமான முடிவு. இந்தியாவின் டாட் இன் 1989இல் வந்தது. அதை இப்போது நடத்துவது நிக்சி என்ற இந்திய நிறுவனம். 1998இல் கலிபோர்னியாவில் இலாப நோக்கற்ற அமைப்பாக ஐகேன் தொடங்கப்பட்டது. அமெரிக்க வணிகத் துறை அதனோடு வைத்திருந்த மேற்பார்வை ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்ததிலிருந்து, அரசுகள், நிறுவனங்கள், தொழில்நுட்ப வல்லுநர்கள், பயனாளர்கள் எனப் பல தரப்பினர் உட்கார்ந்து பேசியே முடிவெடுக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முடிவும் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. டாட் அமேசான் வேண்டும் என்று அந்த நிறுவனம் 2012இல் விண்ணப்பித்தது. ஆற்றையும் காட்டையும் சுட்டும் பெயரை ஒரு கடைக்குத் தரக்கூடாது என்று பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. நிறுவனத்துக்குப் பின்னொட்டு கைக்கு வந்தது 2020இல்.

கேள்வி: நாங்கள் பவானியில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறோம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் வேறு மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரையும் ஜமக்காளத்தையும் சேர்த்து டாட் ஷாப் முகவரி எடுத்து, விசைத்தறி விரிப்புகளை விற்கிறார். புவிசார் குறியீட்டைக் காட்டி அந்த முகவரியை எங்களால் வாங்க முடியுமா? – சங்க நிர்வாகி, பவானி

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிகவும் சிக்கலானது உங்களுடையதுதான். நேரான விடை உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்: புவிசார் குறியீட்டை மட்டும் காட்டி டாட் ஷாப் முகவரியைப் பறிக்க முடியாது. பொதுப் பின்னொட்டுகளில் எழும் தகராறுகளைத் தீர்க்க ஐகேன் 1999இல் வகுத்த நடைமுறை வணிக முத்திரைகளுக்கு மட்டுமே உரியது. முறையிடுபவர் மூன்றை நிறுவ வேண்டும். முகவரி தம் முத்திரையோடு ஒத்தோ, குழப்பும்படி நெருங்கியோ இருக்க வேண்டும். அதை எடுத்தவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை எதுவும் இருக்கக் கூடாது. தீய நோக்கத்தோடு பதிந்து, தீய நோக்கத்தோடு பயன்படுத்தியும் இருக்க வேண்டும். புவிசார் குறியீடு ஓர் ஊரின் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான உரிமை; ஒரு விற்பனையாளரைச் சுட்டும் முத்திரை என்ற கணக்கில் அது வருவதில்லை. இந்தக் குறை உங்களுக்கு மட்டும் தோன்றியது என்றும் எண்ண வேண்டாம். டாட் வைன், டாட் வின் ஆகிய பின்னொட்டுகள் வரவிருந்தபோது, ஊர்ப் பெயரால் அறியப்படும் தம் ஒயின்களின் பெயரை எவரும் எடுத்துக்கொள்வார்கள் என்று பிரான்ஸ் 2014இல் லண்டனில் நடந்த ஐகேன் கூட்டத்தில் கொதித்தெழுந்தது. பிரான்சுக்கே விதியை மாற்ற முடியவில்லை. பின்னொட்டை எடுத்த நிறுவனத்தோடு ஒயின் அமைப்புகள் தனியாக உடன்பாடு செய்துகொண்டதோடு அது முடிந்தது.

ஆகவே முகவரியைத் துரத்துவதை விட்டுவிட்டுச் சரக்கைத் துரத்துங்கள். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. பவானியில் நெய்யாத விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று வாங்குபவர் நம்பும்படி விற்பது அந்தச் சட்டப்படி மீறல். விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், எந்தப் பின்னொட்டில் கடை வைத்திருந்தாலும் மீறல் மீறல்தான். ஆனால் வழக்குத் தொடுக்கும் தகுதி, குறியீட்டின் பதிவு உரிமையாளருக்கும், பதிவு செய்துகொண்ட அங்கீகரிக்கப்பட்ட பயனாளருக்கும்தான் உண்டு. உங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊருக்குக் குறியீடு கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடும் சங்கங்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கின்றன.

வழக்கறிஞரிடம் போகும் முன் சான்றுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தின் பக்கங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஒரு விரிப்பை ஆர்டர் கொடுத்து வாங்கி, பில், பார்சல் மேலுறை, அனுப்பியவர் முகவரி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். குழித்தறியில் நெய்த துணிக்கும் விசைத்தறியில் ஓடிய துணிக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் நெசவாளர் ஒருவர் கரையையும் ஊடையையும் தொட்டுக் காட்டி எழுதித் தந்தால், அது எந்த வாதத்தையும்விட வலுவாக நிற்கும். அதே சமயம் அவர் உங்கள் ஊர்ச் சரக்கையே வாங்கி விற்பவராக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

டாட் இன் முகவரியாக இருந்திருந்தால் உங்கள் நிலை சற்று மேல். நிக்சி வகுத்துள்ள தகராறு நடைமுறையில் வணிக முத்திரையோடு 'பெயர்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. தீய நோக்கத்தில் பதிந்ததையோ பயன்படுத்தியதையோ, இரண்டில் ஒன்றை நிறுவினால் போதும். நடுவர் ஒருவர் முடிவு சொல்வார். பதிவு செய்யாத பெயருக்கும் இந்திய நீதிமன்றங்களில் வழி இல்லாமல் இல்லை. 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயர் வெறும் முகவரியாக மட்டும் இராமல் வணிகத்தை அடையாளம் காட்டும் பெயராகவும் இருப்பதால், பிறர் பெயரில் சரக்கு விற்பதைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டாட் கூப் என்ற பின்னொட்டு 2000இல் ஐகேன் ஒப்புக்கொண்ட ஏழு பின்னொட்டுகளில் ஒன்று. கூட்டுறவு அமைப்பு என்பதை உறுதிசெய்த பிறகே அதில் பெயர் தருகிறார்கள். அமுல் அதைப் பயன்படுத்துகிறது. தனி வியாபாரி எவராலும் பின்தொடர முடியாத முகவரி அது. டாட் ஷாப்பை அவரிடமே விட்டுவிட்டு நீங்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் முகவரியைப் போலவே, டாட் காமுக்குப் பதிலாக டாட் கோ என்று முடியும் முகவரியிலிருந்து யாரோ எங்கள் ஜெர்மனி வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளையாக அவர் தொலைபேசியில் கேட்டதால் தப்பித்தோம். இதைத் தடுக்க என்ன வழி? – பங்குதாரர், கரூர்

டாட் கோ கொலம்பியா நாட்டின் குறியீடு. 2010இல் அதை உலகத்தார் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காம் என்பதில் கடைசி எழுத்து ஒன்று குறைவு என்பதால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். பின்னொட்டுகள் பெருகப் பெருக இத்தகைய இரட்டை முகவரிகளுக்கான வாய்ப்பும் பெருகுகிறது. புதிய பின்னொட்டுகளில் பலவற்றை முதல் ஆண்டுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாகத் தள்ளிவிடுவதால், ஒரு வாரம் மட்டும் பயன்படுத்தி எறியப்போகிறவனுக்கு அது வசதியாகவே இருக்கிறது.

தொழில்நுட்பப் பணியாளரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அமைப்புகளும் உங்கள் டொமைனில் சரியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். உங்கள் முகவரியையே அப்படியே போலியாக இட்டு அனுப்பப்படும் மடல்களை அவை மறித்துவிடும். ஆனால் உங்களுக்கு நேர்ந்ததை அவற்றால் மறிக்க முடியாது, ஏனென்றால் டாட் கோ முகவரி போலி முகவரியே இல்லை. மோசக்காரன் பணம் கட்டி முறையாக எடுத்த சொந்த முகவரி. அங்கே உதவுவது நடைமுறை ஒழுங்குதான். வங்கி விவரம் மின்னஞ்சல் வழியாக ஒருபோதும் மாற்றப்படாது என்று உங்கள் ஒவ்வொரு இன்வாய்சிலும் அச்சிடுங்கள். மாற்றம் என்றால் பழைய எண்ணில் அழைத்துக் கேட்டுக்கொள்ளும்படி வாங்குபவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் வங்கிக்கும், இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கும் உடனே அழைக்க வேண்டும். மோசத்துக்குப் பயன்பட்ட முகவரியை விற்ற பதிவாளருக்குச் சான்றோடு முறையீடு அனுப்புங்கள். 2024 ஏப்ரல் முதல், தெளிவான சான்று வந்தால் இத்தகைய முகவரிகள் மீது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று ஐகேன் தன் ஒப்பந்தங்களில் சேர்த்துவிட்டது. டாட் கோ போன்ற நாட்டுக் குறியீடுகளை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. டாட் ஷாப், டாட் டாப் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும்.

இணைப்பு எதுவாக இருந்தாலும் முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் வரும் https:// போக, முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருப்பது பின்னொட்டு. அதற்கு இடப்பக்கம் இருக்கும் சொல்லே பெரும்பாலும் உண்மையான உரிமையாளரைக் காட்டும். அதற்கும் இடப்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், உங்கள் வங்கியின் பெயரைக்கூட. இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் தம் தளங்களை 2025 அக்டோபர் 31க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். அந்த முகவரியை ஐதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று மட்டுமே பதிந்து தருகிறது. ஆயிரக்கணக்கில் பின்னொட்டைத் திறந்துவிட்ட பிறகு, ஒரு துறைக்கு மூடிய கதவு ஒன்றே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

கேள்வி: முழுக்கத் தமிழிலேயே இணைய முகவரி வைத்துக்கொள்ள முடியும் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் ஏன் எங்கும் காணோம்? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பொள்ளாச்சி

உண்மைதான் ஐயா. எல்லாப் பின்னொட்டுகளும் அடங்கிய இணையத்தின் வேர்ப் பட்டியலில் தமிழ் முதன்முதலில் ஏறியது 2007 அக்டோபரில். அப்போது ஐகேன் பல மொழிகளில் பதினொரு சோதனைப் பின்னொட்டுகளை ஏற்றியது. இந்திய மொழிகளில் இந்தியும் தமிழும் இடம் பெற்றன. 'உதாரணம்.பரிட்சை' என்பதே அந்தச் சோதனை முகவரி. சோதனை முடிந்து அதை எடுத்துவிட்டார்கள். 2010இல் இலங்கைக்கு '.இலங்கை' கிடைத்தது, 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவற்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்றும் நாட்டுக் குறியீடுகள். '.இந்தியா'வை டாட் இன்னைப் போலவே நிக்சிதான் நடத்துகிறது, விலையும் பெரிதில்லை.

காணக் கிடைக்காததற்குக் காரணம் மொழிப்பற்றில் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். இணையத்தின் பெயர் ஏற்பாடு அடியில் இன்றும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டுமே அறியும். நீங்கள் தமிழில் அடிக்கும் பெயரை உலாவி எக்ஸ், என் என்ற எழுத்துகளில் தொடங்கும் ஒரு நீண்ட குறியீடாக மாற்றித்தான் அனுப்புகிறது. நல்ல உலாவியில் அது தெரியாது. ஆனால் அந்த இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் தமிழ் மறைந்து அந்தக் குறியீடு மட்டும் நிற்கும். பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று விலகிப் போய்விடுவார். மின்னஞ்சல் நிலைமை இன்னும் மோசம். தமிழ் முகவரிக்கு மடல் அனுப்பும் தர வரையறை 2012இலேயே வந்துவிட்டது, ஜிமெயில் 2014இல் அதை ஏற்கத் தொடங்கியது. இருந்தும், ஏதேனும் ஒரு படிவத்தில் தமிழ் மின்னஞ்சலை இட்டுப் பாருங்கள், 'சரியான முகவரியைத் தரவும்' என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பும். படிவம் எழுதிய நிரலர் ஆங்கில எழுத்து மட்டுமே வரும் என்று கருதி எழுதியிருப்பார்.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆசிரியரான உங்களுக்குச் சுவையாக இருக்கும். 'ஔ' என்ற ஓரெழுத்தும், 'ஒ', 'ள' என்ற இரண்டெழுத்தும் அருகருகே நிற்கையில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. ஔவையின் பெயரில் ஒரு பள்ளி முகவரி எடுத்தால், பாதிப் பேர் வேறு முகவரிக்குப் போய்ச் சேருவார்கள். ஸ்ரீ என்ற எழுத்தையும் கணினியில் இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். அந்த எழுத்துகள் வராத பெயராகத் தேர்ந்துகொள்வது நல்லது. ஆங்கில எழுத்தில் ஒரு டாட் இன் முகவரியை முதன்மையாக வைத்துக்கொண்டு, தமிழ் முகவரியை அங்கே திருப்பிவிடும்படி அமைத்து, பெயர்ப்பலகையிலும் அழைப்பிதழிலும் தமிழ் முகவரியையே அச்சிடுங்கள். கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் இப்போதைக்கு ஆங்கில முகவரி இருக்கட்டும்.

கேள்வி: மஞ்சள் வியாபாரம். தெரிந்த பையன் ஒருவர் டாட் ஆன்லைன் முகவரியில் வெப்சைட் செய்து கொடுத்தார். முதல் ஆண்டு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது புதுப்பிக்க அதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். அந்தப் பையனும் வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கிறது. – மண்டி உரிமையாளர், ஈரோடு

விலை உங்கள் சின்னச் சிக்கல். டாட் காமைப் பதிவாளர்களுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலைக்கு அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டால் ஓர் உச்ச வரம்பு உண்டு. புதிய பின்னொட்டுகளுக்கு அப்படி வரம்பே கிடையாது. பின்னொட்டை நடத்தும் பதிவகம் நினைத்தால் ஏற்றலாம். புதுப்பிக்கும் விலையை ஏற்றும் முன் 180 நாள் முன்கூட்டியே பதிவாளர்களுக்கு அறிவிக்க வேண்டும், அதற்குள் பழைய விலையிலேயே பத்தாண்டு வரை நீட்டித்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. முதல் ஆண்டு விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு விலையைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

பெரிய சிக்கல், முகவரி யார் பெயரில் இருக்கிறது என்பது. அரைக் காணி வாங்கினாலும் வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரிபார்க்கிற நம் ஊர்க்காரர்கள், ஆண்டுக் கணக்கில் வியாபாரம் நடக்கப்போகும் முகவரியை யாரோ ஒருவர் மின்னஞ்சலில், யாரோ ஒருவர் கார்டில் வாங்க விட்டுவிடுகிறார்கள். பதிவாளரின் கணக்கில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். தளத்துக்குக் கூலி கொடுத்தது நீங்கள் என்பது அங்கே செல்லாது. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும். அதெல்லாம் அந்தப் பையனின் மின்னஞ்சலுக்குத்தான் போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. காலாவதியாகி அழிக்கப்பட்ட பிறகும் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள் உண்டு. அதுவும் போனால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். பழைய கடை முகவரிகளைக் காத்திருந்து எடுத்துச் சூதாட்டத் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மஞ்சள் விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர் அங்கே போய் நிற்பார்.

பையனோடு சண்டைக்குப் போகாமல், நல்லவிதமாகப் பேசி, உங்கள் பெயரில் ஒரு பதிவாளர் கணக்கைத் தொடங்கி, அந்தக் கணக்குக்கு முகவரியை மாற்றித் தரும்படி கேளுங்கள். வேறு பதிவாளருக்கு மாற்றுவதானால் மாற்றக் குறியீடு ஒன்றை அவர் எடுத்துத் தர வேண்டும். வெளிநாட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை. அதே நாளில் ஒரு டாட் இன் முகவரியையும் உங்கள் பெயர், உங்கள் கைப்பேசி எண், உங்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். பழையது கைக்கு வந்தால் புதியதற்குத் திருப்பிவிடலாம். வராவிட்டால் பில் புத்தகம், சாக்கு முத்திரை எல்லாவற்றிலும் முகவரியை மாற்றி அச்சிட ஓராண்டு அவகாசமாவது கிடைக்கும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நிறுவனம் தொடங்குகிறோம். டாட் ஏஐ எடுப்பது சரியா? – இளம் தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

எடுக்கலாம், அது எந்த நாட்டுக் குறியீடு என்று தெரிந்துகொண்டு எடுங்கள். அது கரீபியனில் உள்ள அங்கியுலா என்ற சிறு தீவுக்கு உரியது. 2023இல் அந்தத் தீவு அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த முகவரிகளாலேயே வந்தது. குறைந்தது இரண்டு ஆண்டுக்குச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும், விலையும் அதிகம். நாட்டுக் குறியீட்டின் விதி அந்த நாட்டின் கையில். யுகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போன பின் அதன் டாட் ஒய்யு 2010இல் நீக்கப்பட்டது. டாட் ஐஓ எந்தத் தீவுக்கூட்டத்துக்கு உரியதோ அதைப் பிரிட்டன் மொரீசியசிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது; மென்பொருளாளர்கள் அதன் எதிர்காலம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கியுலாவுக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. இருந்தாலும் மின்னஞ்சலுக்கு டாட் இன் ஒன்றையும் கைவசம் வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் மில்லின் உள் நெட்வொர்க்கில் டாட் கார்ப் என்று பெயர் வைத்திருக்கிறோம். புதிய பின்னொட்டுகளால் இடையூறு வருமா? – கணினிப் பிரிவு, நூற்பாலை, பல்லடம்

டாட் கார்ப், டாட் ஹோம், டாட் மெயில் மூன்றும் இப்படிப் பல அலுவலகங்களின் உள்ளே புழங்குவதால், அவற்றை யாருக்கும் தருவதில்லை என்று ஐகேன் 2018இல் முடிவு செய்தது. எனினும் புதிதாக அமைப்பதாக இருந்தால் டாட் இன்டர்னல் என்பதைப் பயன்படுத்துங்கள். 2024 ஜூலையில் அதை உள் பயன்பாட்டுக்கென்றே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டார்கள்.

கேள்வி: பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் தனிப் பின்னொட்டு இருக்கிறதே, '.கோவை' என்று நாம் வாங்க முடியாதா? – வாசகர், சிங்காநல்லூர்

விதிப்படி முடியும். 2012க்குப் பிறகு அடுத்த சுற்று விண்ணப்பங்களை 2026 ஏப்ரல் இறுதியிலிருந்து வாங்குவதாக ஐகேன் அறிவித்தது. இந்த முறை கட்டணம் 2,27,000 டாலர், ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். தொண்டு அமைப்புகளுக்கும் வளர்ந்துவரும் நாடுகளின் சிறு நிறுவனங்களுக்கும் 75 முதல் 85 விழுக்காடு வரை தள்ளுபடி தரும் திட்டம் இருந்தது; அதற்கான விண்ணப்பக் காலம் 2025இலேயே முடிந்துவிட்டது. பின்னொட்டு கிடைத்த பிறகு ஆண்டுக்கு 25,000 டாலருக்குக் குறையாமல் ஐகேனுக்குக் கட்ட வேண்டும். அதைத் தாங்கும் சர்வர்களையும் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தையும் அமர்த்த வேண்டும். இவை தவிர, ஊரின் அடையாளமாகப் பயன்படுத்தப்போகும் பெயருக்கு அந்த ஊரின் ஆட்சி அமைப்பு எதிர்ப்பில்லை என்று கடிதம் தர வேண்டும் என்பது 2012 சுற்றிலேயே இருந்த விதி.

ஒரு மொழிக்கும் பண்பாட்டுக்கும் உரிய பின்னொட்டு நன்றாக நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. கேட்டலான் மொழியினர் 2005லேயே டாட் கேட் பெற்றார்கள்; பிறகு பாஸ்க், பிரெத்தோன், வேல்ஸ் மொழியினர் பெற்றார்கள். அவர்களுக்கெல்லாம் முகவரியை வாங்கத் தயாராக இருந்த பள்ளிகளும் பத்திரிகைகளும் கடைகளும் முன்பே இருந்தன. கோவையில் '.இந்தியா' முகவரி வைத்திருக்கும் கடைகளைத் தேடிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு கோடியைத் திரட்டும் முன், சில நூறு ரூபாயில் கிடைக்கும் அந்த முகவரிக்கு ஆயிரம் கடைகளைச் சேர்த்துக் காட்டுகிற சங்கம் ஒன்று அமைந்தால், மாநகராட்சிக் கடிதத்துக்காக யாரை அணுகலாம் என்பதை அடுத்த கட்டமாகப் பேசலாம்.